கம்பைலர் தடுமாறும்போது: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் வழி

ஒரு நிரல்மொழிக்கு, மூலநிரலைச் சொற்களாக (டோக்கன்களாக) வெட்டும் லெக்சரும் அவற்றை மரமாக அடுக்கும் பார்சரும் எழுதி, பின்பக்கத்தை இயந்திரக் குறியீடு ஆக்கித் தரும் எல்எல்விஎம் என்ற திறமூலத் தொகுப்போடு இணைத்து, மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அதுவரை அந்த மொழியில் நிரல் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று தெரிந்து, அதில் கால் வைக்காமலே நடந்திருப்பீர்கள். புதிதாக வருபவர் நேராக அதன்மேல்தான் ஏறுவார். அப்படி வரும் புகார்களைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்து தொடர்பானவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் மற்றவை வேறு மொழிகளில் நிறைய எழுதப்பட்டுவிட்டன.

தேடத் தொடங்குமுன் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கம்பைலரில் பழுது இருக்கும் இடம் ஒன்று, அது வெளியே தெரியும் இடம் இன்னொன்று. லெக்சர் தப்பாக வெட்டிய சொல், பார்சரின் பிழைச் செய்தியாக வரும். வகைச் சரிபார்ப்பு (டைப் செக்) கவனிக்காமல் விட்ட ஒன்று, ஓடும் நிரல் விழும்போதுதான் தெரியும். ஆகவே ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்துக்கு எதைக் கொடுக்கிறது என்று அச்சிட்டுக் காட்ட ஒரு வழி வேண்டும்: டோக்கன் பட்டியலுக்கு ஒன்று, தொடரியல் மரத்துக்கு ஒன்று, இடைநிலைக் குறியீட்டுக்கு ஒன்று, அசெம்பிளிக்கு ஒன்று. இந்த நாலும் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும். புகார் வந்ததும் நாலையும் எடுத்து வரிசையாகப் பாருங்கள். எந்தக் கைமாற்றம் வரை சரியாக இருந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"தமிழில் பெயர் வைத்தால் ‘எதிர்பாராத எழுத்து’ என்கிறது"

டோக்கன் பட்டியலைப் பாருங்கள். ‘பட்டியல்’ என்ற மாறிப் பெயர் ‘பட’ என்று வெட்டுப்பட்டு, அடுத்துப் புள்ளி தனியாக நிற்கிறதா? அப்படியென்றால், எழுத்து எது என்ற சோதனையில்தான் தப்பு.

யூனிகோடில் ‘பட்டியல்’ எட்டுக் குறியெண்கள்: ப, ட, புள்ளி, ட, இகரக் குறி, ய, ல, புள்ளி. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூடிஎஃப்-8 கோப்பில் 24 பைட். புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோட் கணக்கில் ‘எழுத்து’ வகையில் சேரவில்லை, ‘குறி’ என்ற வகையில் இருக்கின்றன. எழுத்தா என்று மட்டும் கேட்டுப் போகும் லெக்சர் அங்கே நின்றுவிடும்.

எதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெட்டு விழும் இடம் மாறும். உரையில் வடிவங்களைத் தேடும் பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸ் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்ற வகை புள்ளியையும் ஏற்காது, உயிர்க்குறியையும் ஏற்காது. ரஸ்டில் ‘அகரவரிசை எழுத்தா’ என்று கேட்கும் சோதனை உயிர்க்குறியை ஏற்கும், புள்ளியை ஏற்காது. இதுதான் ஆபத்தான நிலை. ‘விலை’ என்று வைத்தால் ஓடும், ‘மொத்தம்’ என்று வைத்தால் நிற்கும். சோதனைக் கோப்பில் ‘விலை’ மட்டும் இருந்தால் பல மாதம் யாருக்கும் தெரியாது. சி மொழியில் பைட் பைட்டாகப் பார்க்கும் சோதனையோ இன்னும் மோசம். 128-உம் அதற்கு மேலும் உள்ள பைட்டை எதிர்ம மதிப்பும் ஏற்கும் சிறு எண்ணாக எடுத்து அந்தச் சோதனைச் செயற்கூறுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மொழியின் வரையறையே உறுதி தரவில்லை.

சரிசெய்ய, யூனிகோட் தரமே பெயர்களுக்கென்று இரண்டு பண்புகளை வகுத்து வைத்திருக்கிறது: பெயரின் தொடக்கத்தில் வரலாம் என்பது ஒன்று, தொடர்ச்சியில் வரலாம் என்பது மற்றொன்று. யூனிகோடின் 31-ஆம் இணைப்பு இதைச் சொல்கிறது. பைத்தான் 3-உம் ரஸ்டும் இதைத்தான் பின்பற்றுகின்றன. நீங்களாக ஒரு பட்டியல் போடாதீர்கள்.

கோ மொழியில் இன்றும் இந்தத் தடை இருக்கிறது. அதன் வரையறைப்படி பெயரில் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே வரலாம், குறிகளுக்கு இடமில்லை. ‘தட’, ‘வர’ மாதிரி உயிரெழுத்தும் அகர எழுத்தும் மட்டும் கொண்ட சொல்லைத்தான் தமிழில் பெயராக வைக்கலாம். அதையும் பொதியிலிருந்து வெளியே கொடுக்க முடியாது, ஏனென்றால் வெளியே தெரியும் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. யாரும் வேண்டுமென்று ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. முதல் நாள் எழுதிய ஒரு வரி வரையறை, பத்து வருடம் கழித்து ஒரு மொழிக்காரர்களையே வெளியே நிறுத்திவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் மொழிக்கு இன்னும் அந்த வரி எழுதப்படாமல் இருந்தால், இன்றே கவனித்து எழுதுங்கள்.

"அதே பெயர்தான், ஆனால் ‘அறிவிக்கப்படவில்லை’ என்கிறது"

புகார் அனுப்பியவர் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார். மேலே ‘தொகை’, கீழே ‘தொகை’. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டையும் குறியெண்ணாக அச்சிட்டுப் பாருங்கள்.

ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியெண்ணாக, பதின்மத்தில் 3018. அல்லது ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே. பைட் கணக்கில் வேறு, ஆகவே உங்கள் பெயர்ப்பட்டியலிலும் வேறு. விசைப்பலகை மென்பொருள் மாறும்போதும், பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்த கோப்பை மாற்றி எடுக்கும்போதும் இந்தப் பிரிந்த வடிவம் உள்ளே வரும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான்.

லெக்சரில் பெயரை வெட்டியெடுத்த கையோடு, பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ரஸ்ட் இதைத்தான் செய்கிறது. ஆங்கிலம் அல்லாத பெயர்கள் அங்கே 2021-இல் 1.53 பதிப்பில் நிலைப்பட்டன. பைத்தான் என்எஃப்கேசி என்ற இன்னும் தாராளமான வடிவத்தை எடுக்கிறது. தமிழுக்கு என்எஃப்சி போதும். ஒரு எச்சரிக்கை: பெயர்களை மட்டும் மாற்றுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் உரையைத் தொடாதீர்கள். அது பயனர் எழுதியது, பைட் மாறாமல் போய்ச் சேர வேண்டும்.

இத்தோடு தீராது. ‘கௌரவம்’ என்பதைப் பலர் கெ, ள என்று தட்டுகிறார்கள். அங்கே இருப்பது ளகரம், ஔகாரக் குறியே இல்லை. எந்த இயல்பாக்கமும் இந்த இரண்டையும் சேர்க்காது. சேர்க்கவும் கூடாது, ஏனென்றால் ‘ள’ உண்மையிலேயே வரும் சொற்கள் இருக்கின்றன. ‘ஔ’, ‘ஒள’ இரண்டுக்கும் அப்படியே. தமிழ் எண் ‘௧’ ககரம்போலவும், ‘௭’ எகரம்போலவும், ‘௨’ உகரம்போலவும் பல எழுத்துருக்களில் தெரியும். இவற்றுக்கு ஒரு சிறு ஒப்புமை அட்டவணை வைத்துக்கொண்டு, பெயர் கிடைக்காதபோது மட்டும் அதைப் பாருங்கள். ‘கெளரவம் என்று எதுவும் இல்லை, மேலே ஔகாரக் குறியோடு கௌரவம் என்று ஒன்று இருக்கிறது’ என்று செய்தி வரட்டும். அந்த ஒரு வரி ஒரு மாணவியின் ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

கண்ணுக்கே தெரியாத எழுத்துகளும் உண்டு. இணைப்பைத் தடுக்கும் பூஜ்ய அகலக் குறி, கோப்பின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் பைட் வரிசைக்குறி (பிஓஎம்), வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்தால் வரும் வளைந்த மேற்கோள். பிழைச் செய்தியில் அந்த எழுத்தை அப்படியே அச்சிட்டால் வெறுமையாகத்தான் தெரியும். அதன் பெயரையும் குறியெண்ணையும் சொல்லுங்கள்.

இதே பழுது கோப்புப் பெயரிலும் வரும். மேக்கில் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கே உருவான ‘தொகுப்பு’ என்ற கோப்பைச் சுருட்டி லினக்ஸில் விரித்தால், இறக்குமதி வரி அதைக் காணவில்லை என்று சொல்லும். லினக்ஸுக்குக் கோப்புப் பெயர் வெறும் பைட் வரிசை. இறக்குமதி செய்யும்போது அடைவைப் படித்து, இரு பக்கத்தையும் என்எஃப்சிக்கு மாற்றி ஒப்பிடுங்கள்.

"பிழை காட்டும் அம்புக்குறி தள்ளிப் போகிறது"

வரி எண் சரி, நெடுவரிசை தப்பு. தமிழ்ச் சொல் அதிகமாக இருக்கும் வரியில் அதிகமாகத் தள்ளிப்போகும். பைட்டை எண்ணுகிறீர்கள் என்று அர்த்தம்.

உள்ளே எப்போதும் பைட் இடத்தையே வைத்துக்கொள்ளுங்கள், வேகமானது. வெளியே காட்டும்போதுதான் மாற்ற வேண்டும். எடிட்டரோடு பேசும் மொழிச் சேவையக நெறிமுறை, வேறு எதுவும் சொல்லாவிட்டால் யூடிஎஃப்-16 அலகில் எண்ணும். 3.17 பதிப்பிலிருந்து வேறு அலகைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். தமிழ் எழுத்துகள் முழுவதும் அடிப்படைத் தளத்தில் இருப்பதால் குறியெண் எண்ணிக்கையும் யூடிஎஃப்-16 எண்ணிக்கையும் ஒன்றாகவே வரும். அதனால் பழுது மறைந்திருந்து, யாராவது கருத்துரையில் ஒரு எமோஜி போட்ட நாளில் வெளிவரும்.

டெர்மினலில் அம்பு சரியாக நிற்க வைப்பது வேறு விஷயம். ஒவ்வொரு டெர்மினலும் தமிழ்க் குறிகளுக்கு ஒவ்வோர் அகலம் கொடுக்கிறது. நான் முயன்று பார்த்து, கடைசியில் அம்போடு சேர்த்துப் பிழையான சொல்லையே மேற்கோளில் அச்சிடும் முறைக்கு வந்தேன். அம்பு நழுவினாலும் சொல் நழுவாது.

"ஒரு அடைப்புக்குறியை விட்டால் நூறு பிழை வருகிறது"

முதல் பிழைக்குப் பிறகு பார்சர் தொடர்பை இழந்துவிட்டது. அடுத்த கூற்று (ஸ்டேட்மென்ட்) தொடங்கும் கீவேர்ட் வரும்வரை டோக்கன்களைத் தள்ளிவிட்டுத் தொடருங்கள். மரத்தில் அந்த இடத்தில் ‘பிழைக் கணு’ ஒன்றை வையுங்கள். வகைச் சரிபார்ப்பு அந்தக் கணுவைத் தொடும் எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. இது இல்லாவிட்டால் பயனர் கடைசிப் பிழையைப் படித்துக்கொண்டிருப்பார், திருத்த வேண்டியது முதலாவதை.

"தமிழ்ச் சொல்வரிசையில் நிபந்தனை எழுதினால் பார்சர் குழம்புகிறது"

‘என்றால்’ என்ற சொல் தமிழில் நிபந்தனைக்குப் பின்னால் வருகிறது. பெரும்பாலான பார்சர் பாடங்கள் கீவேர்ட் முன்னால் வரும் என்றே சொல்லித் தருகின்றன. ‘விலை > 100 என்றால்’ என்று எழுதினால், வரியைப் படிக்கத் தொடங்கும்போது இது நிபந்தனையா, தனிக் கூற்றா என்று பார்சருக்குத் தெரியாது.

முத்தையா அண்ணாமலை பைத்தானில் எழுதித் திறமூலமாக வெளியிட்ட ‘எழில்’ மொழியில் நிபந்தனை ‘@’ குறியோடு தொடங்கும், பிறகு அடைப்புக்குறிக்குள் நிபந்தனை, அதன் பின்னே ‘ஆனால்’. வரியின் முதல் குறியிலேயே பார்சருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. எளிய பார்சருக்கு இது நல்ல வழி.

குறி வேண்டாம் என்றால், முதலில் ஒரு கோவையை (எக்ஸ்பிரஷனை) முழுதாகப் படியுங்கள். படித்து முடித்ததும் அடுத்த டோக்கனைப் பாருங்கள். ‘என்றால்’ நின்றால் கையில் இருக்கும் கோவை நிபந்தனை. வரி முடிந்தால் அது கூற்று. பின்னோக்கிப் போய் மறுபடி படிக்கத் தேவையே இல்லை. ‘வரை’, ‘ஒவ்வொன்றாக’ போன்ற மற்றக் கீவேர்ட்களையும் இதே இடத்தில் கிளை பிரிக்கலாம். பிழை வரும்போது மட்டும் கவனம் தேவை. கோவையின் நடுவில் படிப்பு உடைந்தால், வரி முடிவதற்குள் ‘என்றால்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிழைச் செய்தியை எழுதுங்கள். ‘நிபந்தனையில் பிழை’ என்பதும் ‘கூற்றில் பிழை’ என்பதும் படிப்பவருக்கு ஒன்றல்ல.

"ஆப்டிமைசேஷன் இல்லாமல் சரியான விடை, போட்டால் தப்பான விடை"

ஆப்டிமைசேஷன், அதாவது நிரல் வேகமாக ஓடக் குறியீட்டை மாற்றியமைப்பது, எல்எல்விஎம்மின் வேலை. ஆகவே அதைச் சந்தேகிக்கத் தோன்றும். அதிலும் பழுது உண்டுதான். சோதனைக்காகத் தாறுமாறான சி நிரல்களைத் தானே எழுதும் சி-ஸ்மித் என்ற கருவி பல சி கம்பைலர்களில் 325-க்கும் மேற்பட்ட பழுதுகளைக் கண்டதாக அதை உருவாக்கியவர்கள் 2011-இல் எழுதினார்கள். ஆனாலும் முதலில் உங்கள் முன்பக்கத்தையே, அதாவது லெக்சர் முதல் இடைநிலைக் குறியீடு வரை நீங்கள் எழுதியதையே, சந்தேகியுங்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் நாம்தான் எல்எல்விஎம்மிடம் உண்மையல்லாத ஒன்றை உறுதி சொல்லியிருப்போம்.

வழக்கமான உதாரணம் கூட்டல். எல்எல்விஎம்மைப் பயன்படுத்தும் சி கம்பைலரான கிளாங் உருவாக்கும் இடைநிலைக் குறியீட்டைப் பார்த்து நாமும் எழுதுகிறோம். அதில் எதிர்ம எண்ணும் ஏற்கும் முழு எண்களின் கூட்டலுக்குப் பக்கத்தில் ‘என்எஸ்டபிள்யூ’ என்ற கொடி இருக்கும். இந்தக் கூட்டல் எல்லை தாண்டாது என்று அது வாக்குக் கொடுக்கிறது. சி மொழியில் எல்லை தாண்டினால் விளைவு வரையறையில்லை என்பதால் அங்கே அது பொருந்தும். உங்கள் மொழி ‘எல்லை தாண்டினால் சுற்றி வரும்’ என்று சொல்லியிருந்தால், அந்தக் கொடி பொய். ‘எண் + 1 > எண்’ என்பதை எல்எல்விஎம் எப்போதும் உண்மை என்று மடித்துவிடும், உங்கள் எல்லைச் சோதனை காணாமல் போகும்.

முடிவில்லாச் சுழற்சியும் அப்படித்தான். உள்ளே எந்த வெளிவிளைவும் இல்லாத சுழற்சி ஒருநாள் முடியும் என்று எல்எல்விஎம் முன்பு தானாகவே எடுத்துக்கொண்டது. ரஸ்டின் வெற்றுச் சுழற்சி அதனால் பல காலம் தப்பாக மொழிபெயர்ந்தது. 12-ஆம் பதிப்பிலிருந்து, ‘இது முன்னேறியே தீரும்’ என்ற குறி இருக்கும் இடத்தில் மட்டும் அப்படி எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுட்டி (பாயிண்டர்) காட்டும் நினைவகத்தை வேறு சுட்டி தொடாது என்று சொல்லும் ‘நோஏலியாஸ்’ குறியோ நியாயமாகவே போடக்கூடியது. இருந்தும் எல்எல்விஎம் பக்கத்துப் பழுதுகளால் ரஸ்ட் அதை மாற்றத்தக்க கடன்களுக்கு (மதிப்பை மாற்ற விடும் சுட்டுகளுக்கு) போடுவதும் எடுப்பதுமாக இருந்து, 2021-இல் 1.54 பதிப்பில்தான் நிலையாகப் போட்டது.

தேடும் வரிசை இது. முதலில் எல்எல்விஎம்மின் சரிபார்ப்பியை ஒவ்வொரு செயற்கூறு முடிந்ததும் ஓட்டுங்கள். குறியீட்டுத் தொகுதி (பேசிக் பிளாக்) ஒன்றின் முடிவில் தாவல் இல்லை, வரையறைக்கு முன் பயன்பாடு என்பவை இங்கேயே பிடிபடும். பிறகு எல்லாக் கொடிகளையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். விடை சரியானால், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தப்பென்றால் ‘ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்’ என்ற தேர்வு உதவும். அது ஆப்டிமைசேஷன் படிகளுக்கு எண் போட்டு, நீங்கள் சொல்லும் எண்ணோடு நிறுத்தும். பாதியாய்ப் பாதியாய்ப் பிரித்துப் போனால், ஆயிரம் படிகளில் எது முதலில் கெடுத்தது என்று பத்து ஓட்டத்தில் தெரியும். அந்தப் படிக்கு முன்னும் பின்னும் உள்ள குறியீட்டை அருகருகே வைத்துப் படியுங்கள்.

நிரல் பெரிதாக இருந்தால் முதலில் சுருக்குங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சி-ரெட்யூஸ், ‘பழுது இன்னும் இருக்கிறதா’ என்று சொல்லும் ஒரு சிறு ஸ்கிரிப்டைக் கொடுத்தால், நிரலைத் தானே வெட்டி வெட்டிச் சில வரிகளுக்குக் கொண்டுவரும். சி-க்காக எழுதப்பட்டது என்றாலும் வேறு மொழிக் கோப்பையும் ஓரளவு சுருக்கும்.

"சி நூலகத்தைக் கூப்பிட்டால் குப்பை எண் வருகிறது"

முழு எண் போனால் சரி, சிறிய ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்த தொகுப்பு) போனால் சரி, பெரியது போனால் குப்பை. ஸ்ட்ரக்டை எப்படிக் கொடுப்பது என்ற ஒப்பந்தத்தை எல்எல்விஎம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பீர்கள். அது முன்பக்கத்தின் வேலை. 64-பிட் லினக்ஸில் 16 பைட்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரக்ட் நினைவகம் வழியாகப் போகும், திரும்ப வருவதற்கு ஒரு மறைமுகச் சுட்டி தேவை. 64-பிட் விண்டோஸில் 1, 2, 4, 8 பைட் அளவுள்ளவை மட்டும் ரெஜிஸ்டரில் போகும், மற்றவற்றுக்கு நகலின் முகவரி போகும். அதே ஸ்ட்ரக்டைச் சியில் எழுதி, கிளாங் என்ன குறியீடு தருகிறது என்று பார்த்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

"எப்போதாவது மட்டும் விழுகிறது"

பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் குப்பை சேகரிப்பி இருந்தால், ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் அது ஓடும்படி ஒரு சோதனை நிலை வையுங்கள். மாதம் ஒருமுறை விழுந்தது உடனே விழும். பெரும்பாலும், ஒரு கோவையின் நடுவில் உருவான தற்காலிகப் பொருளை, இன்னும் பயன்பாட்டில் இருப்பவை எவை என்று சேகரிப்பிக்குச் சொல்லும் வேர்ப்பட்டியலில் சேர்க்க மறந்திருப்போம்.

"தன்னைத்தானே கட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு கோப்பு வருகிறது"

கம்பைலரை அதன் சொந்த மொழியிலேயே எழுதிவிட்டவர்களுக்கு இது. கட்டுவது என்றால் மூலநிரலிலிருந்து ஓடும் கோப்பை உருவாக்குவது (பில்ட்). பழைய கம்பைலர் கட்டியது முதல் நிலை. முதல் நிலை கட்டியது இரண்டாம் நிலை. இரண்டாவது கட்டியது மூன்றாவது. முதலும் இரண்டும் வேறாக இருக்கலாம், இரண்டும் மூன்றும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிசிசி என்ற கம்பைலரைக் கட்டும்போது இந்த ஒப்பீடு இயல்பாகவே நடக்கிறது.

ஒன்றாக இல்லையென்றால் முதலில் இரண்டாம் நிலையைக் கொண்டே இருமுறை கட்டி, அந்த இரண்டையும் ஒப்பிடுங்கள். அவையே மாறினால், ஹேஷ் அட்டவணையை முகவரி வரிசையில் சுற்றுகிறீர்கள், அல்லது நேரமுத்திரை, தற்காலிக அடைவின் பெயர் போன்றவை கோப்புக்குள் போகின்றன. அவை ஒன்றாக இருந்து, இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் மாறினால் விஷயம் கனமானது: உங்கள் கம்பைலர் தன்னையே தப்பாக மொழிபெயர்க்கிறது. எந்த ஆப்ஜெக்ட் கோப்பு மாறுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

"உங்கள் கணினியில் கட்டுகிறது, என்னுடையதில் இல்லை"

இந்தப் புகாருக்குத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கட்ட முடியாதவர் இரண்டாவது முறை வரமாட்டார்.

எல்எல்விஎம்மின் சி++ இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில் வகையற்ற சுட்டிகள் இயல்பாயின, 17-இல் பழைய சுட்டிகள் அறவே போயின. சுட்டி எதைச் சுட்டுகிறது என்று கேட்கும் வரிகள் அத்தனையும் அதோடு உடைந்தன. எந்தப் பதிப்பு என்பதைக் கட்டும் ஸ்கிரிப்டிலேயே சோதித்து, வேறாக இருந்தால் முதல் வரியிலேயே நிறுத்திச் சொல்லுங்கள். முந்நூறு வரி சி++ பிழைக்குப் பின்னால் இந்தச் செய்தி இருந்து பயனில்லை.

சொந்த மொழியில் எழுதிய கம்பைலர் என்றால் முதல் கம்பைலர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். ரஸ்டின் முதல் கம்பைலர் ஓகாமலில் இருந்தது, 2011-இல்தான் தன்னைத்தானே கட்டியது. கோவின் கம்பைலர் 2015-இல் 1.5 பதிப்பில் சியிலிருந்து கோவுக்கு மாறியபோது, அதைக் கட்ட கோ 1.4 வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 1.4 சியில் எழுதப்பட்டது, ஆகவே ஒரு சி கம்பைலர் மட்டும் இருந்தால் அடியிலிருந்து ஏறி வரலாம். உங்கள் மொழிக்கும் அப்படி ஒரு படிக்கட்டு வேண்டும். களஞ்சியத்தில் ஒரு பைனரியைப் போட்டு வைத்து ‘இதைப் பயன்படுத்துங்கள்’ என்றால், லினக்ஸ் வினியோகங்களுக்குப் பொதி கட்டுபவர்கள் ஏற்கத் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. எந்தப் பதிப்பை எதைக் கொண்டு கட்டலாம் என்ற பட்டியலை எழுதி, புதிதாக நிறுவிய லினக்ஸ் ஒன்றில் வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலின்படி தானாகக் கட்ட வையுங்கள். என்றைக்கு நின்றது என்று தெரிந்தால், எந்த மாற்றம் கெடுத்தது என்று பாதியாய்ப் பாதியாய்த் தேடும் கிட் பைசெக்டை அன்றைய மாற்றத்திலிருந்து தொடங்கலாம்.